கண்ணாடிக் கூட்டில் வந்த ஐயாயிரம் மாப்பிள்ளைகள்

ஜூலை மழையில், தாராவியிலிருந்து செம்பூர் வரை, ஐயாயிரம் மாப்பிள்ளைகளை என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்து, ஒருவர் தலையிலும் ஒரு சொட்டு விழாமல் கொண்டுவந்தவன் நான். எண்ணினீர்களா என்று கேட்காதீர்கள். ரிட்டையர் ஆனவனுக்கு வேறென்ன வேலை?

மணப்பெண் எங்கள் மூன்றாம் மாடி பால்கனியில் இருந்தாள். பேஷன் ஃப்ரூட் கொடி. நான்கு வருடத்தில் நாலாயிரம் பூ. காய் ஒன்றுகூட இல்லை. எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் செக்ரெட்டரி பஞ்சாபகேசன் வந்து நின்றார்.

"ஓய், சனிக்கிழமை பெயின்டுக்கு சாரம் கட்டறா. காய்க்காத கொடிக்கு சுவர் எதுக்கு? வெட்டிடுவேன்."

"காய்ச்சா?"

"ஒரு காய் என் கண்ணுல காட்டும், விட்டுடறேன்."

அன்று புதன். பாக்கி ஒரே ஒரு மொட்டு.

மாப்பிள்ளையான மகரந்தம், பூவின் பெண் பாகமான சூல்முடியில் விழுந்தால் மட்டும் போதாது. நம் வீடுகளில் கோத்திரம் கேட்பதுபோல, நீ யார் என்று சூல்முடி விசாரிக்கும். தன் கொடியின் மகரந்தம் என்றால் அங்கேயே தடுத்துவிடும். அந்நியம் என்றால் முளைக்க விடும். மகரந்தத்திலிருந்து முளைத்த குழலுக்கு, பூவின் அடியில் காத்திருக்கும் சூல்கள் ரசாயனத் தூது அனுப்பி வழி காட்டும். நானோ இத்தனை நாளும் அக்கம்பக்கத்துப் பதினான்கு வீட்டுக் கொடிகளிலிருந்தும் மகரந்தம் எடுத்துத் தடவிக்கொண்டிருந்தேன். அந்தப் பதினான்கும் பெருமைக்கு நானே வெட்டிக் கொடுத்த என் கொடியின் துண்டுகள்! அத்தனையும் ஒரே கோத்திரம்.

எங்கள் சொசைட்டியின் பழைய பிளாஸ்டிக்கை எடுக்கும் அய்யாத்துரையின் தாராவிப் பட்டறைக் கூரையில், விதையில் முளைத்த வேற்றுக் கோத்திரக் கொடி இருந்தது. மதியம் மொட்டு விரிந்ததும் ஓடினேன். சாயங்காலம் பூ மூடிவிடும்.

அய்யாத்துரை ஏணியைப் பிடித்துக்கொண்டார். "வெரசா எறங்குங்க சார், மானம் கறுத்துட்டு. பொடி நனைஞ்சா என்னவாம்?"

"வெடிச்சுடும்."

அவர் ஏணியை விட்டுவிட்டார்.

சயானில் கழுத்தளவு தண்ணீர் (முழங்கால் என்பார்கள், நம்பாதீர்கள்). குர்லாவுக்கு முன்னால் ரயில் நின்றது. ஒரு மணி நேரம். கூட்டைச் சட்டைக்குள் வைத்து, நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன். மனைவி ஷ்யாமளா போனில் கத்தினாள்: "ஏன்னா, இதழ் சுருங்க ஆரம்பிச்சாச்சு!"

பால்கனிக்குள் நுழைந்தபோது மணி ஆறு. பஞ்சாபகேசன் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். இடது கையில் கூடு, வலது கையில் தூரிகை. திறந்து குனிந்தேன். என் மூக்கு நுனியில் ஒரு மழைத்துளி திரண்டு, கூட்டுக்கு நேர் மேலே ஆடியது. துடைக்கக் கையில்லை. மூச்சு விட்டாலும் விழும்.

"ஓய்! மூக்கு!"

பஞ்சாபகேசன் பாய்ந்து, வேட்டி நுனியால் என் மூக்கைப் பிடித்து அழுத்தினார். மூச்சு முட்ட, மூன்று சூல்முடியிலும் மகரந்தத்தைத் தடவினேன்.

வியாழன் பூ வாடியது. வெள்ளி கறுத்துத் தொங்கியது. இதுவரை எல்லாப் பூவும் இப்படித் தொங்கித்தான் உதிர்ந்தன. சனிக்கிழமை மூங்கில் சாரம் எங்கள் மாடிக்கு ஏறியது. சாரத்துக்காரன் அரிவாளை எடுத்தான்.

"டெஹ்ரோ! நிறுத்து!" பஞ்சாபகேசன் ஸ்டூலில் ஏறி, சருகான இதழை விரலால் ஒதுக்கினார். உள்ளே பச்சையாக ஒரு உருண்டை. நான் தேங்காய் என்பேன். நீங்கள் சுண்டைக்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு சாரத்துக்காரனிடம், "இஸ்கோ ஹாத் மத் லகாவ்" என்றார். இதில் கை வைக்காதே என்று அர்த்தம்.

"ஐயாயிரம் பேர், ஒரு சொட்டுகூட விழாம..." என்று ஆரம்பித்தேன்.

"ஐயாயிரமோ ஐநூறோ, நான் எண்ணலை" என்றார், ஸ்டூலிலிருந்து இறங்காமலே. "ஆனா சொட்டு விழலை ஓய். மூக்கைத் தொடைச்சவன் நான்தானே."