ஈறுக்கு எடுத்த அளவு

என் கீழ்வரிசை முன்பல்லு ஒண்ணு ஆட ஆரம்பிச்சு நாலு மாசம் ஆச்சு. யார்கிட்டயும் மூச்சு விடலை. சொன்னா ஆளாளுக்கு வைத்தியம் சொல்லுவாங்க, அதையெல்லாம் கேட்டுக்கிட்டு உக்கார எனக்குப் பொறுமை கிடையாது. ஆனா தையல் மெஷின்ல உக்காந்தா போதும், நாக்கு தானா அங்க போயிடும். தள்ளிப் பார்க்கும். பல்லு ஆடும்.

நாப்பத்திரண்டு வயசுதான் ஆகுது எனக்கு. எங்க அம்மாவுக்கு நாப்பத்தஞ்சுல வாயில ஒரு பல்லு கிடையாது. சிரிப்பு வந்தா கையை எடுத்து வாய்க்குக் குறுக்கே வச்சுக்குவாங்க. இந்த ஒரு பல்லு விழுந்தா மத்ததெல்லாம் வரிசையா கிளம்பிடும்னு எனக்குள்ள ஒரு பயம். எப்பாடு பட்டாவது அதைக் காப்பாத்தணும்னு இருந்தேன். ஆனா அதுக்காக ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடலை, அது வேற விஷயம்.

கடையில நானும் என் நாத்தனாரும்தான். நான் டேப்பைப் பிடிச்சு அளவு சொல்லுவேன், அவ நோட்டுல எழுதுவா. பதினோரு வருஷமா இந்தக் கூத்து நடக்குது. அவகிட்டதான் மாட்டினேன். ஒருத்தரோட வெள்ளைச் சட்டைக்குக் காலர் தைச்சு முடிச்சு, வழக்கம்போல நூலைப் பல்லால கடிச்சு அறுத்தேன். கத்திரிக்கோல் பக்கத்துலயேதான் கிடக்கும், ஆனா எந்தத் தையக்காரி அதைத் தேடி எடுக்கிறா? அவ சட்டையை வாங்கி மடிக்கப் போனவ அப்படியே நின்னுட்டா. காலர்ல பொட்டு வச்ச மாதிரி ரத்தம். வெத்தலை போட்டியா, விரல்ல ஊசி குத்திச்சான்னு ஒண்ணும் கேக்கலை. நேரா என் வாயைத்தான் பார்த்தா.

"உன் வேலையைப் பாரு"ன்னு எரிஞ்சு விழுந்தேன். அவ அசையலை. மறுநாளே பல் டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டு வந்து நிக்கிறா. நான் வரமாட்டேன்னதுக்கு, "இங்க பேசினது போதும் அண்ணி, வாயை மூடிக்கிட்டு வாங்க, அங்க வந்து திறந்தா போதும்"னா. இவ வாய்க்கு யாராவது வைத்தியம் பார்த்தா தேவலை.

மாடியில ஆஸ்பத்திரி. காத்திருக்கிற இடத்துல ஒரு சோபா, உறையில தையல் கோணலா ஓடியிருந்தது. பயத்துல வேற எங்கயும் பார்க்க முடியாம அந்தத் தையலையே பார்த்துக்கிட்டிருந்தேன். கூப்பிட்டாங்க. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். முதல்ல ஈறை அளந்து சுத்தம் பண்ணட்டும், அப்புறம் பேசலாம்னு சொல்லி, சுத்தம் பண்ற பொண்ணுகிட்ட என்னை ஒப்படைச்சுட்டுப் போயிட்டார். முகத்துல பாதியை அடைக்கிற கண்ணாடி போட்டிருந்தா. நான் மனசுக்குள்ள அவளுக்குக் கண்ணாடிக்காரின்னு பேர் வச்சேன்.

அவ கையில மெல்லிசா ஒரு கம்பி, அதுல கோடு கோடா அளவு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல அதை விட்டு விட்டு எடுத்து நம்பர் சொல்றா. மூலையில கம்ப்யூட்டர் முன்னாடி இன்னொரு பொண்ணு எழுதிக்கிறா. எனக்குப் போன உசிரு திரும்பி வந்தது. அட, இது நம்ம வேலைதானே.

ஒரு சட்டை கைக்கு வந்தா நான் முதல்ல உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பேன். தைச்சவன் தையலுக்கு உள்ள மிச்சத் துணி விட்டிருக்கானான்னு. ரெண்டு விரல் விட்டிருந்தா கவலையே இல்லை, ஆள் பெருத்தாலும் பிரிச்சு விட்டுக்கலாம். விடாம தைச்சிருந்தா அதோட கதை முடிஞ்சது. இவளும் அதைத்தான் பார்க்கிறா, ஈறு உள்ள எவ்வளவு மிச்சம் இருக்குன்னு. அப்படித்தான் நான் நினைச்சேன்.

மேல் கடைவாயில ஆரம்பிச்சா. ரெண்டு, மூணு, ரெண்டு. இவ்வளவுதான் இருக்கா? அடுத்ததும் ரெண்டு. போச்சுடா, நல்லா இருக்குன்னு நினைச்ச பல்லுக்கே இந்த கதின்னா ஆடுறது என்ன ஆகும்? நாற்காலிக் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். கீழ்வரிசைக்கு வந்தா. நாலு, அஞ்சு. அப்புறம் என் பல்லு.

ஆறு. ஏழு. ஏழு.

அப்பாடான்னு இருந்தது எனக்கு. வாயிலேயே தாராளமா இருக்கிறது இது ஒண்ணுக்குத்தான். இதுக்குப் போயா நாலு மாசம் செத்துப் பிழைச்சேன்னு என்னையே திட்டிக்கிட்டேன். வாய் கொப்பளிக்கச் சொன்னதும் கொப்பளிச்சுட்டு, நானே பேச்சை ஆரம்பிச்சேன். ஏழு இருக்கில்ல, அப்போ இது நிக்கும், அந்தக் கடைவாய்ப் பல்லைக் கொஞ்சம் பாரும்மா, அதுக்கு ரெண்டுதான் இருக்குன்னு அவளுக்கே யோசனை சொன்னேன்.

கண்ணாடிக்காரி சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை. சிரிக்கலை. நாற்காலியை இழுத்து என் பக்கத்துல போட்டு உக்காந்தா.

"அக்கா, இது மிச்சம் இருக்கிற அளவு இல்லை. ஈறு பல்லை விட்டு எவ்வளவு ஆழத்துக்கு விலகியிருக்குங்கிற அளவு. மூணு மில்லிமீட்டர் வரைக்கும் பயமில்லை. ஏழுன்னா, பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பு கரைஞ்சிருக்குன்னு அர்த்தம்."

அவ அந்த இடத்தை எப்படித் தேய்க்கிறீங்கன்னு கேட்டா. நான் உண்மையைச் சொன்னேன். தேய்க்கிறதே இல்லை. அஞ்சு வருஷம் முன்னாடி அங்க ரத்தம் வந்தது. புண்ணுல யாராவது பிரஷ்ஷைப் போட்டுத் தேய்ப்பாங்களா? மத்த பல்லையெல்லாம் பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்ச்சுட்டு, அங்க மட்டும் தண்ணியால கொப்பளிச்சு விட்டுடுவேன். அழுக்கு தங்கினதாலதான் ரத்தமே வந்தது, தேய்க்காம விட்டதால அது கல்லா இறுகி ஈறைத் தள்ளிடுச்சுன்னு அவ சொன்னா. குரல்ல குத்தம் சொல்ற தொனியே இல்லை. அதனாலதான் எனக்குக் கோபம் வந்தது, யார் மேலன்னு தெரியாம.

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில இருந்த கல்லையெல்லாம் சுரண்டி எடுத்தா. ரெண்டு நாள் ஆச்சு முடிக்க. எழுந்து நாக்கால தொட்டுப் பார்த்தா பல்லு முன்னைவிட ஆடுது. சுத்தம் பண்றேன்னு பிடுங்கிப் போட்டுட்டியான்னு சண்டைக்கே போயிட்டேன். கல்லுதான் இதுவரைக்கும் முட்டுக் கொடுத்திருந்தது, இனிமே ஈறு பிடிக்கணும், மூணு மாசம் பார்ப்போம், சத்தியம் பண்ண முடியாதுன்னா. ரத்தம் வந்தாலும் மெல்லிசு பிரஷ்ஷால ஈறு ஓரத்துல தேய்க்கணும். பல் இடுக்குல தனியா சுத்தம் பண்ணணும். நூல் கடிக்கவே கூடாது. நாத்தனார் கத்திரிக்கோலை நாடாவுல கோத்து என் கழுத்துலயே மாட்டி விட்டுட்டா, மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி.

மூணு மாசமும் தினம் காலையில அந்த இடத்துக்கும் பிரஷ் போச்சு. துப்பினா சிவப்பு. ஒரு வாரம் கழிச்சு ரோஸ். அப்புறம் வெறும் நுரை. நுரையைப் பார்த்து அழுதது உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

மறுபடி போனோம். இந்தத் தடவை நாத்தனாரையும் உள்ள விட்டாங்க. கம்பி இறங்குது. ரெண்டு, ரெண்டு, மூணு. அஞ்சா இருந்தது மூணு. நாலா இருந்தது ரெண்டு. நாத்தனார் பழக்கதோஷத்துல உள்ளங்கையில விரலால எழுதிக்கிட்டிருந்தா. என் பல்லுக்கு வந்ததும் கண்ணாடிக்காரி கம்பியை விட்டா. எடுத்தா. மறுபடி விட்டா. நம்பர் சொல்லலை. எழுந்து போய் டாக்டரைக் கூட்டிட்டு வந்தா.

அவர் புதுசா எக்ஸ்ரே எடுத்தார், ரெண்டு கருவியால பல்லை அசைச்சுப் பார்த்தார். மத்ததெல்லாம் நல்லா பிடிச்சுக்கிச்சு, வாய் முழுக்கத் தப்பிச்சுது, இது ஒண்ணு நிக்காதுன்னார். விட்டு வச்சா பக்கத்துப் பல்லையும் கெடுக்கும், இன்னிக்கே பிடுங்கிடலாம்னார். நாத்தனார் என் காலைப் பிடிச்சுக்கிட்டா, கைக்கு எட்டினது அதுதான்.

கண்ணாடிக்காரி மரத்துப்போற ஊசியை எடுத்து வச்சா. பயமா இருக்காக்கான்னு கேட்டா. நான் நாக்கால அந்தப் பல்லைக் கடைசியா ஒரு தடவை தொட்டேன்.

"மத்ததையெல்லாம் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சேம்மா. இது ஒண்ணைத்தான் நான் கஷ்டப்படுத்தவே இல்லை."

அவ பஞ்சால என் ஈறை மெதுவா துடைச்சுவிட்டா. நான் வாயைத் திறந்தேன்.