பள்ளியின் சத்தத்தை அளந்த நாள்

எங்கள் பள்ளிவாசலை உடைத்துவிட்டு மூன்று மாடியில் புதிதாகக் கட்டுவதென்று நம்பிக்கையாளர் சபை முடிவெடுத்தபோது எதிர்த்துப் பேசியவன் நான் ஒருவன்தான். சபையின் செயலாளர் நான். கல்முனைப் பக்கத்துத் தபால் கந்தோர்களில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன். பழைய கட்டடங்களில் எனக்குப் பெரிய பற்று ஒன்றும் கிடையாது. நான் எதிர்த்தது என் மனைவி ஹாஜறாவின் தம்பி அச்சிமுகம்மதுக்காக.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு மச்சானின் இரண்டு கண்களையும் பறித்துப் பத்தொன்பது வருடமாகிறது. வீதியில் பொல்லுத் தட்டித்தான் நடப்பார். பள்ளி வாசலில் செருப்போடு பொல்லையும் வைத்துவிடுவார். உள்ளே கால் வைத்ததும் தொண்டையை ஒருமுறை செருமுவார். அந்தச் செருமல் குவிமாடத்துக்குள் ஏறிச் சுற்றி, சுண்ணாம்புச் சுவரிலும் பன்னிரண்டு தூண்களிலும் பட்டுத் திரும்பி வரும். எந்தத் தூண் எங்கே நிற்கிறது, சுவருக்கு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அதிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். யார் கையையும் பிடிக்காமல் முன் வரிசையில் போய் நிற்பார். புதுப் பள்ளியில் அந்தச் சத்தம் இருக்காது என்று சபையில் சொன்னேன். தலைவர் மீராசா ஹாஜியார் சிரித்தார். அவர் எதற்கெடுத்தாலும் கட்டாரைப் பார், டுபாயைப் பார் என்கிறவர். சத்தத்துக்காகவா கட்டடத்தை வைத்திருப்பது என்று கேட்டார்.

நான் விடவில்லை. பழைய இடங்களின் ஓசையை அளந்து பாதுகாக்கிற ஒரு அலுவலகம் கொழும்பில் இருப்பதாகப் பேப்பரில் பார்த்து, மூன்று கடிதம் போட்டேன். ஒலுவிலைச் சேர்ந்த ஆகிலா என்ற பிள்ளை அங்கே வேலை செய்கிறாள், அவளை அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. ஹாஜியாரும் கடைசியில் இறங்கி வந்தார். இந்தச் சத்தம் காக்க வேண்டியதுதான் என்று அவர்கள் எழுதித் தந்தால் உள்பள்ளியை அப்படியே விட்டுச் சுற்றிக் கட்டுவோம், இல்லாவிட்டால் உடைப்போம் என்றார். மச்சானிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அன்று அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

இனி நான் செய்த வேலையைக் கேளுங்கள்.

எங்கள் ஊரில் ஒருவர் வருகிறாரென்றால் இருப்பதை மறைத்து, இல்லாததை இரவல் வாங்கி வைப்போம். கலியாணம் என்றாலும் அப்படித்தான், பெண் பார்க்க வந்தாலும் அப்படித்தான். கொழும்பிலிருந்து வருகிறவள் எங்கள் வெடித்த சீமெந்துத் தரையையும் பிய்ந்த பன்பாயையும் பார்த்துவிட்டுப் போனால் மானம் என்னாவது? இன்பாஸ் எனக்கு மருமகன் முறை, கல்முனையில் கலியாண மண்டபம் வைத்திருக்கிறான். அவனிடம் சொல்லி, கால் புதைகிற காபட் பன்னிரண்டு சுருள் கொண்டுவந்து சுவருக்குச் சுவர் விரித்தேன். சாந்து உதிர்ந்த இடங்களை மறைத்துத் தடித்த வெல்வெட் திரைகளைத் தொங்கவிட்டேன். பார்த்தவர்களெல்லாம் மாஷா அல்லாஹ் என்றார்கள். எனக்கு நெஞ்சு ஒரு சாண் நிமிர்ந்தது.

ஆகிலா ளுஹர் தொழுகைக்குப் பிறகு வந்தாள். நடுவில் மைக்கை நிறுத்தி, ஒரு பலூனை ஊதி ஊசியால் உடைத்தாள். இவ்வளவு படித்துவிட்டுப் பலூன் உடைக்கவா வந்தாய் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். டப் என்றது, அத்தோடு முடிந்தது. ஏதோ குறைகிறது போலத்தான் இருந்தது. பலூன் சிறிது என்று நினைத்தேன். இன்னும் நாலைந்து உடைத்தாள். பிறகு கீழே குனிந்து காபட்டைத் தடவிப் பார்த்தாள்.

"இந்தக் காபட், திரையெல்லாம் எப்பவும் இரிக்கிறதா மாமா?"

இரவல் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஓம் மகள். எப்பவும் இரிக்கிறதுதான்."

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்தார். வாசலில் நின்று செருமினார். மறுபடியும் செருமினார். "மச்சான், இது எங்கட பள்ளியா?" என்று கேட்டுக்கொண்டே நாலு எட்டு வைத்தவர், நெற்றி அடிபடத் தூணில் முட்டினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓடிப்போய்க் கையைப் பிடித்து, சும்மா இருங்கள் என்று காதுக்குள் சொல்லி, வெளியே கைகால் கழுவும் ஹவுழ்த் தொட்டியின் விளிம்பில் கொண்டுபோய் உட்காரவைத்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நின்று கேட்கவில்லை. உள்ளே வந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு சமாதானம் சொல்லி அனுப்பிவைத்தேன்.

இரண்டு கிழமையில் அறிக்கை வந்தது. ஹாஜியார் சபையில் உரக்க வாசித்தார். சத்தம் எழுந்த இடத்திலேயே அடங்கிவிடுகிறது, சாதாரண மண்டபம்தான், காப்பதற்கென்று தனியான ஓசை எதுவும் இல்லை. சத்தத்தை விழுங்கியது அந்தக் காபட்டும் திரையும்தான் என்று அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அங்கேயே எழும்பிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பதினொரு பேர் முன்னால் நான் பொய்யன் என்றாகும். நான் வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை உடைக்கிற மெஷின் வந்தது, அஸர் தொழுகைக்குள் குவிமாடம் தரையில் கிடந்தது.

தற்காலிகக் கொட்டிலில் தொழுகை தொடங்கியும் தம்பி போகிறானில்லை என்று ஹாஜறா கவலைப்பட்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மச்சானின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து கதிரைக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். காபட், திரை, நான் சொன்ன பொய், ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் பின்னுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் தூணில முட்டினத்த அந்தப் புள்ள பாத்தாவா?" என்றார்.

"பாத்தா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அதை மட்டும்தான் சொல்லாமல் விட்டிருந்தேன். "கண் தெரியாத மனுசன், எப்பவும் இப்பிடித்தான் முட்டுவாரு எண்டன்."

மச்சான் கையிலிருந்த பிரம்பைக் கீழே வைத்தார்.

"பத்தொம்பது வருசத்தில அந்தப் பள்ளிக்குள்ள நான் ஒருநாளும் முட்டினதில்ல மச்சான். அத மட்டும் அந்தப் புள்ளக்கிட்டச் சொல்லியிருந்தாப் போதும். மறுகா அவவே காபட்டக் கிளப்பிப் பாத்திருப்பா."

கொட்டில் ஸ்பீக்கரில் அஸருக்குப் பாங்கு சொன்னது. நான் எழும்பினேன். அவர் எழும்பவில்லை.