மாஸ்டரின் பின் சீட்

மாஸ்டரின் டிரைவிங் ஸ்கூலில் சர்டிஃபிகேட் என்று தனியாக எதுவும் கிடையாது. பாராட்டும் கிடையாது. அந்த மனிதர் வாயிலிருந்து 'நல்லா ஓட்டுறீங்க' என்று ஒரு வார்த்தை வாங்குவதற்குள் ஆயுசு முடிந்துவிடும். ஆள் தேறிவிட்டதாகத் தோன்றினால் வண்டியை ஓரம் கட்டச் சொல்வார், இறங்குவார், பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். அவர் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கும் கிளட்சும் அதன்பிறகு ஆளில்லாமல் கிடக்கும். "மாஸ்டர் பின்னால போயிட்டார்" என்று யாராவது சொன்னால் கேட்டவர்கள் கைகொடுப்பார்கள். லைசென்ஸ் ஆபீஸில்கூட அதற்கு ஒரு மரியாதை உண்டு.

ஊரில் பாதிப் பேருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவர், தன் மனைவிக்கு மட்டும் உட்கார்ந்ததில்லை. முயற்சி செய்யாமல் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை, மகள் பள்ளிக்கூடம் போனபோது ஒரு தடவை, இடையில் வீம்புக்குச் சில தடவைகள். எல்லாமே முதல் ஏற்றத்தில், "நீங்களே ஓட்டிக்குங்க" என்று அவள் கதவை அறைந்து சாத்துவதில் முடிந்தன. அவள் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள். கைக்குழந்தையின் நரம்பைக்கூட ஒரே குத்தில் பிடிப்பாள். அப்படிப்பட்ட கை ஸ்டியரிங்கில் மட்டும் நடுங்கியது என்றால் குற்றம் கையில் இல்லை என்பதுதான் என் கட்சி.

போன வருஷம் ஒரு சாயங்காலம் மாஸ்டருக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. வாசலில் கார் நின்றது. சாவி ஆணியில் தொங்கியது. அந்தச் சாவியைக் கையில் பிடித்தபடி, ஓட்டத் தெரிந்த ஆளைத் தேடி அவள் தெருவில் கதவு கதவாகத் தட்டினாள். எதிர்வீட்டுக்காரர் வந்தார். அவரும் மாஸ்டரிடம் கற்றவர்தான். நேரத்தோடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததால் மாஸ்டர் பிழைத்தார். ஆனால் டிரைவிங் மாஸ்டரின் பெண்டாட்டி சாவியும் கையுமாகத் தெருவில் அழுதுகொண்டு நின்றதை அவளால் மறக்க முடியவில்லை. இன்னொரு தடவை அப்படி நிற்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

அதனால்தான், லேபில் சாயங்கால ஷிஃப்ட் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் இன்னொரு ஸ்கூலில் போய்க் கற்றுக்கொண்டாள். அந்த ஸ்கூலை மாஸ்டர் 'கசாப்புக்கடை' என்றுதான் சொல்வார். அங்கே முறையாகத் தேறி, லைசென்ஸும் வாங்கிக் கைப்பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டாள். சொல்வதற்குத்தான் இடமும் நேரமும் வாய்க்கவில்லை.

கல்யாண நாளுக்கு மகள் ஏரிக்கரை ரிசார்ட் ஒன்றில் ரூம் போட்டுக்கொடுத்தபோது வாய்த்தது. சனிக்கிழமை அங்கே போய் இறங்கினார்கள். பளபளவென்று நின்ற கார்களுக்கு நடுவே கூரையில் போர்டு வைத்த டிரைவிங் ஸ்கூல் கார் நுழைந்ததைப் பார்த்துக் காவலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கத்துக்கிட்டே வந்தீங்களா சார்?" என்று கேட்டார். மாஸ்டர் முறைத்தார். ரூமில் வெள்ளை விரிப்பு, ஏரியைப் பார்த்த ஜன்னல், தலையணை மேல் ஒரு சாக்லேட். மாஸ்டர் சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டு, பார்க்கிங்கில் கார்களை எப்படிக் கோணல்மாணலாக விட்டிருக்கிறார்கள் என்று ஜன்னல் வழியாகக் குறை சொன்னார்.

மத்தியானம் மிதிபடகில் ஏறினார்கள். ஏரியின் நட்டநடுவில் வந்ததும் அவள் மிதிப்பதை நிறுத்தினாள். இங்கிருந்து எழுந்து போக முடியாது என்று யோசித்துத்தான் படகுக்கே டிக்கெட் எடுத்திருந்தாள்.

"நான் லைசென்ஸ் எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"கார் ஓட்டத்தான். வேற எதுக்கு எடுப்பாங்க?"

மாஸ்டரும் மிதிப்பதை நிறுத்தினார். "யாரு சொல்லிக்கொடுத்தா?"

சொன்னாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், அவள் வேறு யாரையோ கட்டிக்கொண்டதாகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வாடியிருக்காது. கரை வரும்வரை அவர் ஒருவரே மிதித்தார்.

"நாளைக்கு அந்தப் பழைய கோட்டை ஊரைச் சுத்திப் பாக்கப் போறப்ப நான்தான் ஓட்டுவேன். பக்கத்துல உக்காருங்க. உங்களுக்கே சரின்னு பட்டா பின்னால போங்க. படலைன்னா ஊர் போற வரைக்கும் முன்னாலயே இருங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்," என்றாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஏரியைச் சுற்றிப் போகும் சாலையில் அவள் ஓட்டினாள். வளைவுகளில் கார் குலுங்காமல் திரும்பியது. குறுக்கே வந்த ஆட்டுக்கு நின்றது, எதிரே வந்த லாரிக்கு வேகம் குறைத்து ஒதுங்கியது. மாஸ்டர் வாயே திறக்கவில்லை. இவ்வளவு சுலபமா இது என்று அவளுக்கே ஆச்சரியம். மனசுக்குள் ஒரு பாட்டுக்கூட வந்துவிட்டது.

பழைய ஊருக்குள் நுழைந்ததும் ஒரு சந்திலிருந்து சைக்கிள் பாய்ந்தது. கார் டக்கென்று நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய கால் ஆக்சிலரேட்டரை விட்டுக் கிளம்பி அப்போதுதான் பாதி வழியில் இருந்தது. அவளுடைய பிரேக் பெடல் தானாகவே கீழே இறங்கியிருந்தது. அந்தக் காரில் மாஸ்டர் தன் பக்கத்துப் பெடலை மிதித்தால் இந்தப் பக்கத்துப் பெடலும் சேர்ந்து இறங்கும்; இவள் மிதித்தால் அதுவும்.

அப்படியானால் ஆட்டுக்கு நின்றது யார், லாரிக்கு வேகம் குறைத்தது யார். அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. கோட்டை மதிலோரம் வண்டியை விட்டாள்.

பார்க்க வந்ததைப் பார்த்தார்கள். கல் பாவிய தெருக்கள், மரப் பால்கனிகள், உள்ளே நின்று அம்பு விடும் மதில் ஓட்டைகள். ஒரு ராணி இங்கே எதிரிகளை மாதக்கணக்கில் தடுத்து நின்றாள் என்று வழிகாட்டி கதை சொன்னார். அவளுக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. மதில் படிக்கட்டில் உட்கார்ந்ததும் கேட்டுவிட்டாள்.

"வர்ற வழியெல்லாம் நீங்கதானே ஓட்டினீங்க?"

"இல்லம்மா, நீதான்..."

"பொய் சொல்லாதீங்க. பெடல் இறங்கினதைப் பாத்தேன்."

மாஸ்டர் செருப்பு நுனியைப் பார்த்தார். "வேணும்னு பண்ணலை. கால் தானாப் போகுது. மத்தவங்க ஓட்டும்போது வண்டிக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம். நீ ஓட்டும்போது அந்தப் பயம் இல்லை. வேற பயம்."

அவளுக்குக் கோபம் பாதி கரைந்தது. மீதிப் பாதியைக் கரையவிடாமல் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் அதே பயம்தாங்க. அன்னைக்கு உங்களை நடு ஹால்ல போட்டுட்டுத் தெருவுல ஓடினேனே, அந்தப் பயம். உங்க கால் எல்லா நேரமும் எனக்குக் கிடைச்சிட்டே இருக்காது. அன்னைக்குக் கிடைக்கலை." கண் கலங்கியதைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க. திரும்பிப் போறப்ப சம்மணம் போட்டு உக்காருங்க. கை ரெண்டும் மடியில."

"கார்லயா?"

"பெல்ட்டும் போட்டுக்கிட்டு."

அப்படியே உட்கார்ந்தார். பந்திக்குக் காத்திருப்பவரைப் போல மாஸ்டர் முன் சீட்டில் சம்மணமிட்டிருந்ததைப் பார்த்து, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு போனார்கள் இரண்டு சுற்றுலாப் பெண்கள். அவர் நேரே பார்த்தபடி இருந்தார்.

வெளியே போக ஒரே வழி, கோட்டை வாசல். ஒரு வண்டி நுழையும் அகலம். வாசலுக்கு ஏறும் தெரு செங்குத்து. பாதி ஏற்றத்தில் போலீஸ்காரர் கை காட்டினார். எதிர்ப்பக்கத்து வண்டிகள் வரத் தொடங்கின. அவள் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். பின்னால் ஒரு சுற்றுலா பஸ் வந்து, கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதில்தான் அந்தக் காலத்தில் அவள் ஒவ்வொரு தடவையும் கதவை அறைந்தது.

போலீஸ்காரர் கை அசைத்தார். அவள் ஹேண்ட்பிரேக்கை இறக்கிக் கிளட்சை விட்டாள், கார் குலுங்கி அணைந்தது. பஸ் ஹாரன் அடித்தது. கார் ஒரு சாண் பின்னால் போனது. அவளே பிரேக்கை மிதித்து நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை மறுபடி இழுத்தாள். மாஸ்டர் பக்கம் திரும்பவில்லை, ஆனால் அவர் முழங்கால்களை இரு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. விரல்கள் வெளுத்திருந்தன. கால் கீழே வரவில்லை.

'நரம்பு தெரியலைன்னா அவசரப்படாதே, விரலை வெச்சுத் தேடு.' லேபில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுப்பது இது. பஸ்காரன் கத்தட்டும் என்று விட்டுவிட்டாள். ஸ்டார்ட் செய்தாள். கிளட்சை மெல்ல விட, ஓரிடத்தில் காரின் மூக்கு லேசாக எழும்பியது. அந்த இடத்தில் காலை அப்படியே வைத்துக்கொண்டு ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். கார் ஏறியது. இரு பக்கமும் கல்சுவர் உரசாமல், வாசலுக்குள் நுழைந்து வெளிச்சத்துக்கு வந்தது.

கொஞ்ச தூரம் போனதும் மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "ஓரங்கட்டு."

அவள் ஓரங்கட்டினாள். வண்டி அணைந்ததைச் சொல்லப்போகிறார், சாவியைக் கேட்கப்போகிறார் என்று நினைத்தாள். கொடுப்பதில்லை என்று ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். மாஸ்டர் மரத்துப்போன கால்களைக் கீழே இறக்கி, கதவைத் திறந்து, நொண்டிக்கொண்டே இறங்கினார். பின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"கிளம்பு," என்றார் பின்னாலிருந்து.

அவள் கிளம்பினாள். ஏரிக்கரைச் சாலையில் ஆளில்லாத பெடல்கள் அவளோடு சேர்ந்து இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. ஓடும் வண்டியில் மாஸ்டர் கண் மூடியதே கிடையாது. பஸ்ஸில் போனால்கூட டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து தரையை மிதித்துக்கொண்டே வருவார். ரொம்ப நேரமாகச் சத்தமே இல்லையே என்று அவள் கண்ணாடியில் பார்த்தாள்.

தலை ஜன்னலில் சாய்ந்திருக்க, வாய் லேசாகத் திறந்து, மாஸ்டர் தூங்கிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு வேகத்தடை தெரிந்தது. அவர் விழித்துவிடாதபடி அவள் காரை மெதுவாக ஏற்றி இறக்கினாள்.