டிம்ப்னாவின் பாட்டும் அசையாத மேசையும்

டிம்ப்னா மல்கெர்னின் சமையலறை மேசை அசைய மறுத்த சனிக்கிழமை மத்தியானம் அந்த மூன்றாம் மாடி வீட்டில் இருந்தவர்கள்: டிம்ப்னா, அவளுடைய இசைக்குழுவில் தோல்பைக் குழல் ஊதும் லோர்கன், வீட்டுச் சொந்தக்காரன் ஜெரார்ட் டூமி, நீதிமன்ற உத்தரவோடு வந்த அதிகாரி, சாமான் தூக்க வந்த நான்கு தடியன்கள், அடுப்பருகே ஒரு கிழட்டு நாய். நாயையும் தூக்க முடியவில்லை.

தென் பாஸ்டனில் பனியை வாரியவருக்கே கார் நிறுத்தும் இடம். தோண்டி எடுத்த குழியில் ஓர் உடைந்த நாற்காலியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். யாரும் தொட மாட்டார்கள். பல வருடங்களுக்கு முன் எவனோ டிம்ப்னாவின் நாற்காலியை வீசிவிட்டுத் தன் காரை நிறுத்தினான். அந்த ஆத்திரத்தில் அக்கார்டியன் வாத்தியத்தை மாட்டிக்கொண்டு அவள் கத்தியதுதான் அந்தப் பாட்டு. நான் தோண்டிய இடம், நான் நகர மாட்டேன் என்பதற்கு மேல் அதில் விஷயமில்லை. மதுக்கடைகள் அதை எடுத்துக்கொண்டன, பிறகு தீயணைப்பு நிலையங்கள், கல்யாணங்கள், சாவு வீடுகள், கடைசியில் ஐஸ் ஹாக்கி அரங்கம். ஊர் அணி தோற்கும் நிலையில் அரங்கமே எழுந்து அதைப் பாடும்போது தெருக்களில் போட்ட நாற்காலிகள் வேர்விட்டன. பனி தள்ளும் லாரிகள் அவற்றைச் சுற்றிப் போகப் பழகின. வானொலியில் வானிலை நிலவரத்தோடு இதையும் சொன்னார்கள்.

டூமி அதே தெருவில் பிறந்தவன். வீட்டை இடித்துக் கண்ணாடிக் குடியிருப்பு கட்டுபவர்களுக்கு விற்றிருந்தான். டிம்ப்னா பிறந்த வீடு அது. அன்று காலி செய்தால் திங்கட்கிழமை இடிப்பு. படிக்கட்டை மறிக்க ஆளில்லாமல் தெருவே அரங்கத்தில் இருக்கும் என்று ஆட்ட நாளாகப் பார்த்து வந்தான். அணி அப்போது நன்றாக முன்னிலையில் இருந்தது. கடைசிக் கட்டத்தில் வரிசையாகக் கோல் வாங்கியது. கீழ்வீட்டில் அணைக்காமல் விட்டுப்போன வானொலி வழியே பாட்டு ஏறி வந்தது. மேசை நின்றுவிட்டது.

அரங்கம் ஓய்ந்த பிறகு தடியன்கள் மேசையின் ஒரு மூலையைத் தூக்கிவிட்டார்கள். உடனே அது டம்மென்று விழுந்தது.

"சார், வாயை மூடுங்க," என்றார் அதிகாரி டூமியிடம்.

"நான் எங்கய்யா பாடுறேன்?"

"பின்ன உங்க பாட்டியா பாடுது?"

டூமி உதட்டைக் கையால் பொத்தினான். பாட்டு மூக்கு வழியாக வந்தது. சின்ன வயதிலிருந்து அந்த அணிக்காகத் தொண்டை கிழித்தவன். பாதியில் நிறுத்தும் பழக்கம் அவனுக்கில்லை.

"நிறுத்திடு ஜெரி, வீடு உனக்குத்தான்," என்றாள் டிம்ப்னா. "எங்க, நிறுத்து பாப்போம்."

லோர்கன் குழலைத் தொடவே இல்லை. "அண்ணன் சுருதி சுத்தமாப் பிடிக்கிறார்," என்றான்.

மேசைக்கால்கள் தரைப்பலகைக்குள் ஒரு விரற்கடை இறங்கின. தூக்க முடியாததை வெளியேற்றச் சட்டத்தில் வழியில்லை என்று அதிகாரி தொப்பியை மாட்டினார். கண்ணாடிக் கட்டடம் பிற்பாடு அந்த வீட்டை ஒதுக்கி வளைந்தே எழுந்தது. அஞ்சல்காரர்களுக்கு அது ஒரு திருப்பம், அவ்வளவே.

அன்று கடைசியாகப் படியிறங்கியவன் டூமி, கண்ணில் நீர் முட்ட, இன்னும் பாடிக்கொண்டு.

"படி வழுக்கும், பாத்துப் போடா," என்று சொல்லிவிட்டு டிம்ப்னா அவன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.