நாய் மீது விழுந்த பழி

அத்தான் பிள்ளைபோல் வளர்த்த புல்தரையில் வட்ட வட்டமாகப் பழுப்புத் திட்டுகள் தோன்றின. விசாரணை எதுவும் இல்லாமலே குற்றவாளி பிடிபட்டுவிட்டது. அது அக்காவின் நாய்.

"ஒன்னுக்குப் போயே கருக்கிடுச்சு. புல்லைக் கெடுத்தது இந்த வீட்டுல இருக்கக்கூடாது. ஞாயித்துக்கிழமை யார்கிட்டயாவது கொடுத்துடுவேன்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அக்கா அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

சனிக்கிழமை விடிந்ததும், பனி காய்வதற்குள் போய்க் குனிந்து பார்த்தேன். நாய்மூத்திரம் பட்ட இடம் நடுவில் கருகினாலும், சுற்றிலும் உரம் போட்டதுபோல் கரும்பச்சையாகக் கொழுத்திருக்கும். இங்கே அந்தக் கொழுப்பு இல்லை. திட்டின் விளிம்பில் சிலந்திவலைபோல் வெள்ளை இழைகள்தான் படர்ந்திருந்தன.

"இது பூஞ்சை, அத்தான். ராத்திரி முழுக்க இலை ஈரமா இருந்தா வரும். எப்ப தண்ணி விடுறீங்க?"

"ராத்திரிதான். வெயில்ல வீணாகாதுல்ல."

"யூரியா?"

"புல் வாடுதேன்னு ரெண்டு மடங்கா போட்டேன்."

"பூஞ்சைக்கு விருந்தே வச்சிருக்கீங்க. யூரியாவை நிறுத்துங்க, தண்ணிய விடியக்காலையில விடுங்க. அப்பவும் பரவினா மருந்தடிக்கலாம்."

அக்கா நாயின் சங்கிலியை அவிழ்த்தாள். "புல்லைக் கெடுத்தது இந்த வீட்டுல இருக்கக்கூடாதுன்னீங்களே. உங்களை யார்கிட்டங்க கொடுக்கறது?"

ஞாயிறு விடியற்காலையில் அத்தான் குழாயும் கையுமாக நின்றார். நாய் படியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது.