வேண்டாம் என்று சொல்கிறவள்

நிலைச்சட்டம் பிளந்து விழுந்த பிறகும் தம்பி சம்மட்டியைக் கீழே வைக்கவில்லை. பக்கத்துச் சுவரையும் சேர்த்து அடிக்க ஆரம்பித்தான். கூடத்தின் நடுவே சவப்பெட்டிக்குள் அண்ணன் கிடந்தார். ஒவ்வொரு அடிக்கும் பெட்டியின் மூடி ஒருமுறை துள்ளி அடங்கியது.

"போதும்பா. பெட்டி போற அளவு வந்துருச்சு" என்றாள் அண்ணி. அவளுடைய இடது தாடை இன்னும் வீங்கியிருந்தது.

"இன்னும் வேணும் அண்ணி."

அக்கா பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். ஊரில் பாதிக் கட்டடங்களை இடித்துத் தள்ளிய குடும்பம் அது. எந்த வாசலில் எந்தப் பீரோ நுழையும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். ஆனால் காலிப் பெட்டியை ஒருக்களித்து உள்ளே கொண்டுவந்தபோது, ஆளை வைத்த பிறகு அப்படி ஒருக்களிக்க முடியாது என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அண்ணனும் சாதாரண உருப்படி இல்லை. பெட்டி செய்கிறவர் அளவெடுத்துவிட்டு, நாடா கெட்டுப்போயிற்று என்று கடைக்குத் திரும்பிப் போய் வேறு நாடா எடுத்துவந்தார். எதற்கும் அசையாமல் நின்ற கிடங்குச் சுவர் ஒன்று ஒருமுறை அண்ணன் போட்ட தும்மலில் விழுந்தது. பார்வையிட வந்த அதிகாரி அதை நிலநடுக்கம் என்று எழுதிக்கொண்டு போனார். அந்த ஆள்தான் ஒருநாள் மாடியிலிருந்து கால் நழுவி, முதுகெலும்பில் அடிபட விழுந்தார். முதுகு வலிக்கு மாத்திரை வந்தது. வலி போனது, மாத்திரை போகவில்லை.

அவர்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒரு கட்டடத்தில் கைவைக்கும் முன் எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். ஒருத்தர் மட்டும், இதை ஏன் இடிக்கக் கூடாது என்று மனதார வாதாட வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். காரணங்கள் தீர்ந்ததும் வாதாடியவர் உட்கார்ந்துவிட வேண்டும். கை தட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். யாரும் எதிர்த்துப் பேசாததால் ஒரு சுவர் ஆள்மேல் விழுந்த பிறகு அப்பா கொண்டுவந்த ஏற்பாடு அது. அதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு பழைய சினிமா கொட்டகைக்காக அவள் பேசியதைக் கேட்டு, அதை இடிக்கப் பணம் கொடுத்தவரே குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுதுகொண்டே, "சரி, ஆரம்பிங்க" என்றார். அவள் பேசி ஒரு கட்டடமும் தப்பியதில்லை.

மயக்கம் கொடுத்துத் தூங்கவைத்து, அந்தத் தூக்கத்திலேயே உடம்பிலிருந்து மாத்திரைப் போதையை மொத்தமாகத் துரத்திவிடும் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றைத் தம்பிதான் கண்டுபிடித்தான். முழித்தால் புது ஆள் என்றார்கள். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்ததும் தம்பி சொன்னான்: "அக்கா, நீ ஆரம்பி."

அவள் அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டுவந்திருந்தாள்.

"தூக்கத்துல துரத்துனாலும் முழிச்ச பிறகு உடம்பு படுத்துறது நிக்காதாம். நுரையீரல்ல தண்ணி கோத்துக்கலாம். இதயம் நின்னுபோகலாம். பிழைச்சு வந்து, ஒருநாள் ஆசைப்பட்டுப் பழைய அளவையே போட்டா உடம்பு தாங்காது, அதுலயே போயிடுவாரு. மெதுவான வழி ஒண்ணு இருக்கு. மாத்து மருந்து கொடுத்து, மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறது."

"மாசக்கணக்கா?" அண்ணி முகத்தைத் திருப்பி விளக்குக்குக் காட்டினாள். "இந்தத் தாடையப் பாரு. உன் டாக்டர வந்து ஒரே ஒரு ராத்திரி இந்த வீட்டுல படுக்கச் சொல்லு. அப்புறம் மெதுவாவா வேகமாவான்னு அவரே சொல்லுவாரு."

"மாத்து மருந்த எங்க வைப்ப?" என்றான் தம்பி. "அலமாரியில வச்சுப் பூட்டுனா அண்ணன் பூட்டையா உடைப்பாரு? அலமாரியத் தூக்கிட்டுப் போயிடுவாரு."

"சுவரோட" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவர் அக்காவைப் பார்த்தார். "முழிச்சிருந்து அனுபவிக்க எனக்குத் தெம்பு இல்லம்மா. தூங்கவச்சு இடிச்சிடுங்க."

அவளிடம் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. பயமாக இருக்கிறது என்பது. அந்தத் தொழிலில் அதைக் காரணமாக யாரும் சேர்ப்பதில்லை. அவள் உட்கார்ந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன்தான் பலமாகத் தட்டினார். "இந்தத் தடவ என்னையே அழவச்சுட்டக்கா" என்று தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் தூங்கவைத்து எழுப்பிய மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புது ஆள் வரவில்லை. பழைய ஆளைத் தோலுரித்து அனுப்பியது போல இருந்தது. வாந்தியும் பேதியுமாகக் கட்டிலில் துடித்தார். துடித்த வேகத்தில் கட்டில் முறிந்தது. குளியலறைக் கதவு கீலோடு பெயர்ந்து வந்தது. துணி துவைக்கும் இயந்திரத்தைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தார். அது தெருவில் விழுந்தும் சற்று நேரம் சுற்றியது. அண்ணியின் கூந்தலைப் பிடித்தவரை விடவைக்கத் தம்பி தலையால் முட்ட வேண்டியிருந்தது. கடைசியில் அவரைக் கீழே தள்ளி, நெஞ்சின்மேல் முழு உடம்போடு படுத்துக்கொண்டான். மெல்ல மெல்ல ஆட்டம் குறைந்தது.

"அடங்கிட்டாரு" என்றான், கிழிந்த உதட்டோடு சிரித்து. "போதையெல்லாம் இறங்கிருச்சு."

உலை கொதிப்பது போன்ற சத்தம் அண்ணனின் தொண்டையிலிருந்து வந்ததை அக்காதான் முதலில் கேட்டாள். ஆம்புலன்ஸ் வந்தபோது அதுவும் நின்றிருந்தது. நுரையீரலில் தண்ணீர் கோத்துவிட்டது என்றார் டாக்டர். நெஞ்சில் யாராவது படுத்தார்களா என்று அவர் கேட்கவில்லை. தம்பியும் சொல்லவில்லை.

இப்போது தம்பி சுவரை அடித்துக்கொண்டே பேசினான். முகம் திரும்பவில்லை.

"நீ நெஜமாவே வேண்டாம்னு நெனச்சிருந்தா கத்தியிருக்கணும்க்கா."

"சொன்னேனேடா."

"அது எப்பவும் சொல்றது! சினிமா கொட்டகைக்கும் அப்படித்தான் சொன்ன! கொட்டகையும் அண்ணனும் ஒண்ணா உனக்கு?"

அக்கா குனிந்து ஒரு அரைச்செங்கல்லை எடுத்து வீசினாள். அது அவன் தோளில் பட்டது. அவன் சம்மட்டியைப் போட்டுவிட்டு வந்து அவளைத் தள்ளினான். அவள் பெட்டியின்மேல் விழுந்தாள். பெட்டி வழுக்கிப்போய்ச் சுவரில் இடித்தது. எழுந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். அவன் அவள் கையை முறுக்கினான், அவள் அவன் முழங்கையைக் கடித்தாள். இருவரும் சுண்ணாம்புத் தூளில் புரண்டார்கள். அண்ணி இருவர் தலைமயிரையும் பிடித்து இழுத்தாள். அந்த நேரத்தில் அந்த வீட்டில் ஒழுக்கமாக நடந்துகொண்டவர் அண்ணன் மட்டும்தான்.

"நீ அவர்மேல படுத்த!" என்று கத்தினாள் அக்கா.

அவன் பிடி தளர்ந்தது. மல்லாந்து கிடந்தபடியே மூச்சு வாங்கினான்.

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"அது காரணம் இல்லையேடா" என்றாள் அவள். குரல் இறங்கிவிட்டது. "அது காரணமில்லன்னு நான்தான் உட்கார்ந்துட்டேன்."

வாசல் இருந்த இடத்தில் இப்போது ஒரு லாரியே நுழையலாம். இடிக்கிற ஆட்கள் வெளியே காத்திருந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியைத் தூக்கினார்கள். அது எங்கும் இடிக்காமல், யாரையும் ஒதுங்கச் சொல்லாமல், தாராளமாக வெளியே போயிற்று.

வண்டியில் அண்ணி முன்னால் ஏறிக்கொண்டாள். பின்னால், பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த குறுகிய பலகையில் அக்காவும் தம்பியும் உட்கார வேண்டியிருந்தது. தம்பியின் தலையெல்லாம் சுண்ணாம்பு. வலது உள்ளங்கையை விரிக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் தொடைமேல் வைத்திருந்தான். நிலைச்சட்டத்தின் சிராய் ஒன்று ஆழமாக ஏறியிருந்தது.

அவள் கேட்காமலே கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரே இழுப்பா இழுத்துடுக்கா" என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் இழுக்கவில்லை. வண்டி குலுங்கி நிற்கும்போதெல்லாம் தானும் நிறுத்தி, கிளம்பியதும் குனிந்து, நக நுனியால் சிராயைச் சுற்றியிருந்த தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொண்டிருந்தாள்.