பாதிப் பாலம்

பல் டாக்டர் பேச எழுந்ததுமே ஜவுளிக்காரருக்கு வயிற்றில் யாரோ அடுப்பு மூட்டியது போலிருந்தது. பேசுவது ஒன்றும் குற்றமில்லை. அவை என்று ஒன்று இருந்தால் நாலு பேர் பேசத்தான் செய்வார்கள். ஆனால் நாட்டில் வியாபாரம் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது, அதைத் தூக்கி உட்கார வைக்க அரசாங்கம் கஜானாவைத் திறக்கலாமா கூடாதா என்று நடக்கிற இத்தனை பெரிய விவாதத்தில், ஆளும் கட்சியின் முதல் பேச்சு யாருக்குப் போக வேண்டும்? முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்து ஜவுளி விற்றவனுக்கா, ஊராரை வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தவனுக்கா?

வேறு எந்தப் பல் டாக்டராவது என்றால் போகட்டும் என்று விட்டிருப்பார். இவர் சொந்தச் சகலை. அக்காவை இவர் கட்டியிருந்தார், தங்கையை அவர். ஆற்றின் இந்தக் கரை இவர் தொகுதி, அந்தக் கரை அவர் தொகுதி. ஜவுளிக்காரர் அவைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. பல் டாக்டர் போன தேர்தலில்தான் வந்தார். வந்த சூட்டிலேயே அவருக்கு இரண்டாம் வரிசையில், டிவி கேமராவுக்கு நேர் எதிரே இருக்கை. இவருக்கு இன்னும் தூணுக்குப் பின்னால்தான். கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் இவருடைய இடது முழங்கை மட்டும் நாட்டு மக்களுக்குத் தெரியும்.

"தலைவர் அவர்களே," என்று தொடங்கினார் பல் டாக்டர். "மில்லு மூடியாச்சு. கடைத்தெருவுல ஆள் இல்ல. கையில காசு வச்சிருக்கறவனும் செலவு பண்ணப் பயப்படுறான். இந்த நேரம் பார்த்து அரசாங்கமும் பையை இறுக்கிக் கட்டிக்கிட்டா என்ன ஆகும்? வியாபாரம் படுத்துட்டா கடையில விளக்கை அணைக்கக் கூடாது. இன்னும் நாலு விளக்கு கூடப் போடணும். அப்பதான் தெருவுல போறவன் உள்ள எட்டிப் பார்ப்பான்!"

மேசைகள் அதிர்ந்தன. நிதி அமைச்சர் அம்மையாரே கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புன்னகைத்தார்.

தூணுக்குப் பின்னால் ஜவுளிக்காரர் இருக்கையில் நிமிர்ந்தார். அந்த விளக்கு அவருடைய விளக்கு. போன மாதம் மாமியார் வீட்டில் சாப்பிட்டு எழுந்து கை கழுவுகிற இடத்தில் அவர்தான் அதைச் சொன்னார், சொல்லுக்குச் சொல் அப்படியே. பக்கத்தில் நின்ற பல் டாக்டர் அப்போது "அப்படியா அண்ணே" என்று சாதுவாகக் கேட்டுக்கொண்டு துண்டில் கையைத் துடைத்தார். துடைத்த கையோடு சொல்லையும் துடைத்தெடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"கடன் வாங்கி விளக்குப் போட்டா கரண்டு பில்லை யாருய்யா கட்டுறது?" என்று எதிர்க்கட்சிப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

பல் டாக்டர் சிரித்தார். அத்தனை பல்லும் வரிசையாக, வெள்ளையாக, ஒன்றுகூடப் பிசகாமல். மனிதருக்கு விளம்பரப் பலகையே தனியாக வேண்டாம். அந்தச் சிரிப்புக்கும் கைதட்டல் விழுந்தது.

இடைவேளையில் ஜவுளிக்காரர் கேன்டீனுக்குப் போய்க் கட்சிக் கொறடாவைப் பிடித்தார். கட்சிக்காரர்களை மேய்த்து உள்ளே ஓட்டுவது, யார் எப்போது பேசுவது, எதற்குக் கை தூக்குவது எல்லாம் கொறடாவின் பொறுப்பு. அவர் வடையும் கையுமாக நின்றார்.

"எனக்கு எப்ப?" என்றார் ஜவுளிக்காரர்.

"எது எப்ப?"

"பேச."

"ஓ, அதுவா? உங்க கைதட்டல்தான் முதலாளி நம்ம கட்சிக்கே பலம். அதை விட்டுடாதீங்க." கொறடா வடையை ஒரு கடி கடித்தார். "ஆனா உங்களுக்கு ஒரு நல்ல சேதி வச்சிருக்கேன். செலவுப் பட்டியல்ல பாலம் வந்தாச்சு."

ஜவுளிக்காரருக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆறு வருஷமாக அவர் கேட்காத வாசல் இல்லை. அவர் ஊரில் நூல் மில் ஒன்று மூடிக்கிடந்தது. லாரிகள் ஆற்றைச் சுற்றிக்கொண்டு அரை நாள் போக வேண்டியிருந்ததால் நூல் விலை கட்டுப்படியாகவில்லை. மில் மூடியதில் ஊரில் பாதிப் பேர் கையில் காசில்லை. காசில்லாததால் கடைத்தெரு முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. ஆற்றுக்குப் பாலம் வந்தால் அடுத்த மாதமே கதவைத் திறக்கிறோம் என்று மில்காரர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

"அப்பாடா! யார் தொகுதி பேர்ல போட்டிருக்காங்க?"

"சகலை பேர்ல. அந்தக் கரையில இருந்துதான் வேலையை ஆரம்பிக்கிறாங்க. அடிக்கல்லு, மேடை, மைக்கு எல்லாம் அங்கதான்."

"பாலத்துக்கு ரெண்டு முனை இருக்குல்ல?"

"இருக்கே. ஆரம்பிக்கிற முனை அவருக்கு, முடியிற முனை உங்களுக்கு. நடுவுல இருக்கற தண்ணியை ரெண்டு பேரும் பாதி பாதி எடுத்துக்கங்க."

குளிர்ந்த நெஞ்சு அந்த நிமிஷமே கொதிக்கத் தொடங்கியது. எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதற்கென்றே வீட்டிலிருந்து போன் வந்தது.

"டிவியில பார்த்தேங்க," என்றாள் மனைவி. "தங்கச்சி வீட்டுக்காரர் என்னமா பேசினாரு! அந்த விளக்குக் கதை இருக்கே, எனக்கு அப்படியே சிலிர்த்துடுச்சு."

"அது நான் சொன்னதுடி!"

"நீங்களா? எப்ப?"

"உங்கம்மா வீட்டுல. கை கழுவும்போது."

"கை கழுவும்போது சொன்னா யாருங்க கேக்குறா? அவர் மாதிரி மைக்கு முன்னாடி சொல்ல வேண்டியதுதானே." பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு, "உங்க முழங்கை நல்லாத் தெரிஞ்சுது," என்றாள்.

ஜவுளிக்காரர் நேராக அவைச் செயலாளர் அறைக்குப் போய் ஒரு திருத்தம் கொடுத்தார். ஆற்றுப் பாலத்துக்கு ஒதுக்கிய தொகையைப் பாதியாகக் குறைக்க வேண்டும்!

பைத்தியம் பிடித்துச் செய்ததில்லை. அவர் கணக்கே வேறு. கடையில் ஆயிரம் சொன்னால் வந்தவன் ஐநூறுக்குக் கேட்பதில்லையா? ஐநூறுக்குக் கிடைக்கும் என்று நம்பியா கேட்கிறான்? பேச்சை ஆரம்பிக்க ஒரு விலை வேண்டும், அவ்வளவுதான். பாதி என்று இவர் கேட்பார். அமைச்சர் பதறுவார். "சரி, உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று இறங்கி வருவார். "அடிக்கல் என் கரையில், பட்டியலில் என் பெயர்" என்று இவர் முடித்துவிட்டுத் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். அவையில் திருத்தம் கொடுக்கிற எல்லாரும் கடைசியில் திரும்பப் பெறுகிறவர்கள்தானே.

விஷயம் தெரிந்து கொறடா ஓடி வந்தார். "என்ன முதலாளி இது?"

"சும்மா ஒரு பேரம்."

"யார்கிட்ட, அமைச்சரம்மாகிட்டயா?" கொறடா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் போன் அடித்தது. காதில் வைத்துக்கொண்டே போய்விட்டார்.

பிற்பகலில் திருத்தம் வந்தது. மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்ததும் ஜவுளிக்காரர் தூணை விட்டு இரண்டடி தள்ளி, கேமராவுக்கு முழுசாகத் தெரிகிற மாதிரி நின்றுகொண்டார். ஆறு வருஷமாக உள்ளே அடைத்து வைத்திருந்த பேச்சு மடை திறந்து கொட்டியது. கடன் வாங்கிச் செலவழிக்கிற குடும்பம் என்ன கதி ஆகும் என்றார். கல்லா காலியாக இருக்கும்போது கடைக்கு வெள்ளையடிப்பவனை ஊர் என்ன பெயரில் கூப்பிடும் என்றார். அகலமான பாலத்தில் போனால் ஆறு சின்னதாகிவிடுமா என்றார். தன் பேச்சைத் தானே கேட்டு மயங்கிப்போய், எதிர்க்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டுவதைக்கூடத் தனக்கான பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

பேசி முடித்து, வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பது போல அமைச்சரைப் பார்த்தார். இப்போது இறங்கி வர வேண்டும்.

நிதி அமைச்சர் அம்மையார் முன்னாள் நீதிபதி. ஒரு கட்டுக் கீரைக்குக்கூடப் பேரம் பேசி அறியாதவர். கடையில் விலைச்சீட்டைப் பார்ப்பார், காசை எடுத்து வைப்பார், வந்துவிடுவார். காலையிலிருந்து கடன், கடன் என்று எதிர்க்கட்சி அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தது. சொந்தக் கட்சியிலிருந்தே ஒருவர், அதுவும் ஆற்றங்கரைத் தொகுதிக்காரர், பாதி போதும் என்று காரணத்தோடு சொன்னால் கசக்குமா?

"உறுப்பினரின் பொறுப்புணர்வுக்கு நன்றி," என்றார். "திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன்."

வியாபாரிகள் பேயைப் பார்த்துப் பயப்பட மாட்டார்கள். அவர்கள் பயப்படுவதெல்லாம் சொன்ன முதல் விலைக்கே எதிராளி "சரி" என்று சொல்லிவிடுவானோ என்றுதான்.

எதிர்க்கட்சித் தலைவர் சாவகாசமாக எழுந்தார். "ஒரு சந்தேகம், தலைவர் அவர்களே. பாதிக் காசுக்குப் பாதிப் பாலம்தான் வரும். அது நடு ஆத்துல வந்து நின்னுடும். அதுக்கப்புறம் நீச்சல் தெரிஞ்சவங்க மட்டும் போகலாமா?"

அவை குலுங்கியது. ஜவுளிக்காரர் ஓரக்கண்ணால் சகலையைப் பார்த்தார். பல் டாக்டர் வாய் மூடியிருந்தது. ஒரு பல்கூட வெளியே இல்லை. அதைப் பார்க்க வெல்லக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டது போல இருந்தது. அது கரைவதற்குள்தான் உறைத்தது: வேலை தொடங்குவது அந்தக் கரையில். அப்படியானால் வராமல் போகப்போகிற பாதி எந்தப் பக்கத்துப் பாதி?

"அமைச்சர் ஏற்றுக்கொண்ட திருத்தம் இப்போது வாக்குக்கு விடப்படுகிறது," என்றார் அவைத் தலைவர். "ஆதரிப்பவர்கள்—"

"திரும்பப் பெறுகிறேன்!" என்று அலறினார் ஜவுளிக்காரர்.

"அமைச்சர் ஏற்ற பிறகு நீங்களாகத் திரும்பப் பெற முடியாது. அவையின் அனுமதி வேண்டும். ஒரே ஒருவர் மறுத்தாலும் வாக்கெடுப்புதான். காரணத்தைச் சொல்லுங்கள்."

காரணம் சொல்லத் தெரியாதவரா அவர்? சாயம் போகிற சேலையை எட்டு விதமான காரணம் சொல்லி விற்றவர். ஆனால் பாதி போதும் என்று இத்தனை நேரம் அவரே முழங்கியிருந்தார். எந்தப் பொய்யைச் சொன்னாலும் எதிர்ப்பக்கம் அவர் பேச்சை எடுத்தே அவர் முகத்தில் வீசி, "மறுக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போகும். பாலம் போகும். மில்லும் போகும். எதிரே கேமரா கண்கொட்டாமல் பார்த்தது. தூணுக்குப் பின்னால் போய்விடலாமா என்று முதல் முறையாக அவருக்குத் தோன்றியது.

"தலைவர் அவர்களே, பாலம் முழுசா வேணும். பாதி போதும்னு நான் சொன்னதுக்குப் பொருளாதாரம் காரணமில்ல."

"பின் என்ன?"

"வயித்தெரிச்சல்."

அவை முழுக்க அவர் பக்கம் திரும்பியது.

"பாலம் என் சகலை பேர்ல போயிடுச்சு. பொறுக்கல. அவர் நல்லாப் பேசினார். அதுவும் பொறுக்கல. பாதின்னு கேட்டா அமைச்சரம்மா பேரம் பேசுவாங்க, அடிக்கல்லை என் பக்கம் தள்ளிவிடுவாங்கன்னு நினைச்சேன். அவங்க சரின்னுட்டாங்க. எரியிறது என் வயிறு. அதுக்கு என் ஊர் ஜனங்க எதுக்குய்யா நடு ஆத்துல நிக்கணும்?"

முதலில் கொறடா சிரித்தார். பிறகு யார் சிரிக்கவில்லை என்று தேட வேண்டியிருந்தது. நீதிபதி அம்மையார்கூடக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மறுப்பவர்கள் உண்டா?" என்று அவைத் தலைவர் கேட்டார்.

எதிர்க்கட்சித் தலைவர் திரும்பித் தன் வரிசைகளைப் பார்த்தார். "நம்ம பக்கத்துல வயித்தெரிச்சலே இல்லாதவங்க யாராவது இருந்தா எழுந்திரிச்சு மறுக்கலாம்."

ஒருவரும் எழவில்லை. அவரும் உட்கார்ந்துவிட்டார்.

அனுமதி கிடைத்தது. கையோடு அவைத் தலைவர், "வயித்தெரிச்சல் என்ற சொல் இந்த அவையின் மாண்புக்கு ஏற்றதல்ல, குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது," என்று உத்தரவிட்டார். மாலைக்குள் செலவு மசோதா நிறைவேறியது. பாலம் முழுசாகப் பிழைத்தது. அடிக்கல் பல் டாக்டர் கரையில்தான். ஜவுளிக்காரருக்கு அதில் ஒரு செங்கல்லும் கிடைக்கவில்லை.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேன்டீனில் உட்கார்ந்திருந்தவருக்கு மனைவியின் போன் வந்தது.

"அப்படி என்னங்க கெட்ட வார்த்தை பேசினீங்க?"

"கெட்ட வார்த்தையா?"

"நான் அடுப்படிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பேசிட்டீங்க. இப்ப எல்லா சேனல்லயும் உங்களைத்தான் போடுறாங்க. ஆனா அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் 'பீப்'புன்னு சத்தம். நீக்கின வார்த்தையாம், போடக் கூடாதாம். ஊரே என்னைக் கேக்குது, என்ன பேசினாரு, அம்மாவைச் சொன்னாரா அக்காவைச் சொன்னாரான்னு. ஆனா ஒண்ணு, முகம் முழுசாத் தெரிஞ்சுதுங்க. அந்தச் சட்டை உங்களுக்கு எடுப்பா இருக்கு."

கேன்டீன் டிவியை ஜவுளிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவர்தான். சேனலை மாற்றினார்கள். அங்கேயும் அவர்தான், கூடவே பீப். காலையில் பேசிய விளக்குப் பேச்சு எதிலும் காணோம்.

பல் டாக்டர் வந்து எதிரே உட்கார்ந்தார். உதட்டில் சிரிப்பு இருந்தது, ஆனால் பட்டன் தைக்கிற மாதிரி இழுத்துப் பிடித்த சிரிப்பு.

"நாலு நாள் கண்ணாடி முன்னாடி நின்னு தயார் பண்ணின பேச்சு அண்ணே," என்றார். "ஒரு வரி போடல அவனுங்க. ஒரே ஒரு வரி."

"அப்படியா தம்பி?"

"நீங்க ஒரே ஒரு வார்த்தை. அதையும் காதுல விழாம மூடி வச்சிருக்கான். அதுக்கு இந்த ஆட்டம்." பல் டாக்டர் டிவியைப் பார்த்தார், பார்க்கக் கூடாது என்று திரும்பினார், மறுபடி பார்த்தார். "உங்க கொழுந்தியா வேற போன் பண்றா. 'பெரிய மாமா எவ்வளவு தைரியமாப் பேசிட்டாரு, உங்களுக்கு அப்படிப் பேச வருமா'ங்கறா."

ஜவுளிக்காரர் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். கன்னத்து எலும்புக்குக் கீழே லேசாக ஒரு துடிப்பு. அந்த எரிச்சல் எங்கே கிளம்புகிறது, எந்த வழியாக ஏறுகிறது, எங்கே போய் அடைக்கிறது என்று அவருக்குத் தெருத் தெருவாகத் தெரியும். கை காட்டி இரண்டு டீ சொன்னார்.

"சூடாக் குடிங்க தம்பி," என்றார் பிரியமாக. "கொஞ்ச நேரம் இப்படித்தான் இருக்கும். அதுக்கப்புறமும் இருக்கும்."